மலைநடைக்கு எந்த வாக்கி-டாக்கி? வாசகியின் கேள்விகளுக்குத் தகவல் தொடர்புப் பொறியாளர் பதில்

கடிதத்தின் சுருக்கம்

வாசகி ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய குடும்பமும் கொழுந்தனார் குடும்பமும் ஆண்டுக்கு இரண்டு முறை இரு கார்களில் கிளம்பி, கைபேசி சிக்னல் எட்டாத மலைப்பகுதிகளுக்குச் சென்று நடந்து வருவது வழக்கம். 13 வயது மகனும் 9 வயது மகளும் முன்னால் ஓடிவிடுவார்கள். காது கேட்கும் கருவி அணியும் மாமனார் பின்னால் மெல்ல வருவார். சென்ற முறை பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் முன்னே போனவர்கள் ஒரு வழியிலும் பின்னே வந்தவர்கள் மறுவழியிலும் சென்றுவிட, மீண்டும் ஒன்றுசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதன்பிறகு கொழுந்தனார் அலுவல் நிமித்தம் அமெரிக்கா சென்றபோது, பெட்டியின் மேல் ‘35 மைல் வரை’ என்று அச்சிட்ட இரண்டு ஜோடி வாக்கி-டாக்கிகளை வாங்கி வந்திருக்கிறார். உறவினர் ஒருவரோ, இணையத்தில் கிடைக்கும் 5 வாட் கருவிதான் நல்லது என்கிறார். கைபேசிச் செயலியே போதும், வீண் செலவு எதற்கு என்பது கணவரின் கருத்து.

வாசகியின் ஐயங்கள் இவை: 35 மைல் என்பது உண்மையா? வாட் கூடக்கூடத் தூரமும் கூடுமா? ‘பிரைவசி கோடு’ போட்டுவிட்டால் பிள்ளைகள் பேசுவதை அந்நியர் கேட்க முடியாதுதானே? கடையில் வெளிப்படையாக விற்கும் பொருளுக்கு உரிமம் எதற்கு? பிள்ளைகள் முகத்தருகே வைத்துப் பேசினால் கதிர்வீச்சினால் கெடுதல் உண்டா? எந்த நாட்டில் வசிக்கிறார் என்பதை அவர் எழுதவில்லை. அமெரிக்கா அல்ல என்பது மட்டும் தெரிகிறது.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

பிள்ளைகள் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாமல் நின்ற அந்த இரண்டு மணி நேரம் உங்களை எவ்வளவு உலுக்கியிருக்கிறது என்பது கடிதம் முழுவதும் தெரிகிறது. அந்தக் கவலை நியாயமானது. வாக்கி-டாக்கி வாங்க வேண்டும் என்ற முடிவும் சரியானது. ஆனால் எதை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன், உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தூரம் தேவை என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். முன்னே ஓடும் பிள்ளைகளுக்கும் பின்னே வரும் மாமனாருக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் இருக்கும், மிஞ்சினால் இரண்டு. அடுத்தடுத்துச் செல்லும் இரு கார்களுக்கு நடுவே சில நூறு மீட்டர். இந்தத் தேவைக்கு அரை வாட்டிலிருந்து 2 வாட் வரையுள்ள, உங்கள் நாட்டில் தனிநபர் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட, எளிய கருவி போதுமானது. 35 மைல் கருவியும் வேண்டாம். 5 வாட் கருவியும் வேண்டாம். இப்படிச் சொல்வதற்கான காரணங்களைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால்தான் மலையில் குரல் கேட்காமல் போகும்போது என்ன செய்வது என்பதும் தெரியும்.

தூரத்தைத் தீர்மானிப்பது எது?

இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 446 மெகாஹெர்ட்ஸ், 462 மெகாஹெர்ட்ஸ், 477 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் இயங்குகின்றன. இந்த அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவைத் தாண்டி வெகுதூரம் வளைந்து போக மாட்டா, மலை முகட்டை ஊடுருவவும் மாட்டா. ஆன்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அந்த ஆன்டெனாவுக்குரிய தொடுவானம் ஏறத்தாழ எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது கிடைக்கும். முகத்தருகே, அதாவது 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கும் கருவிக்கு இது சுமார் 5 கிலோமீட்டர். இருவரும் அதே உயரத்தில் பிடித்திருந்தால் இரண்டையும் கூட்டி 10 கிலோமீட்டர். மரமோ, வீடோ, மேடோ குறுக்கே இல்லாத சமவெளியில் அல்லது நீர்ப்பரப்பில் எதிர்பார்க்கக்கூடிய உச்சவரம்பு இதுதான். அந்த எல்லைக்கு வெகு முன்னதாகவே தரை அலைகளைத் தேய்த்துவிடும்.

அப்படியானால் பெட்டியின் மேலுள்ள 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர், எங்கிருந்து வந்தது? ஒருவர் சமவெளியில் நிற்க, மற்றவர் அந்தச் சமவெளிக்கு 150 மீட்டருக்கும் சற்று மேலான உயரத்தில் ஒரு குன்றின் உச்சியில் நின்று, இடையே ஒன்றும் மறைக்காமல் இருந்தால் கணக்குப்படி அந்தத் தூரம் வருகிறது. ‘வரை’ என்று சேர்த்து அச்சிட்டிருப்பதால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் குடும்பம் நடக்கும் காட்டுப்பாதைக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை. அடர்ந்த மரங்களுக்கிடையே, ஈரமான இலைகளுக்கு நடுவே, வளைந்து செல்லும் பாதையில் அரை கிலோமீட்டரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வரை என்று திட்டமிடுங்கள். திறந்த புல்வெளியில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் கிடைக்கும். ஒரு பள்ளத்தாக்கின் இரு சரிவுகளிலிருந்து ஒருவரையொருவர் பார்க்க முடிகிற நிலையில் பத்து கிலோமீட்டரும் தெளிவாகக் கேட்கலாம். அதே நேரத்தில், இருநூறு மீட்டர் தூரத்தில் பாறை முகட்டுக்கு மறுபுறம் நிற்பவரின் குரல் கேட்காமலே போகலாம். இரண்டும் ஒரே கருவியில், ஒரே நாளில் நடப்பவை.

வாட் பற்றிய உங்கள் உறவினரின் கருத்து பலரிடமும் உள்ளது. அதில் பாதி உண்மை. தடையே இல்லாத வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கத் திறனை நான்கு மடங்காக்க வேண்டும். தரையை ஒட்டிச் செல்லும்போது நிலைமை இன்னும் மோசம்: அங்கே இரட்டிப்புக்கு ஏறத்தாழ 16 மடங்கு திறன் தேவைப்படும். அரை வாட்டிலிருந்து 5 வாட்டுக்குப் போனால், பத்து மடங்கு திறனுக்கு, நடந்து செல்லும் உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் தூரம் இரண்டு மடங்குகூட இல்லை. மரங்கள் விழுங்கும் அலையை ஈடுகட்ட அந்தக் கூடுதல் திறன் ஓரளவு உதவும், மறுக்கவில்லை. ஆனால் மலை மறைத்தால் 5 வாட்டும் மறைந்துதான் போகும். மேட்டில் பத்தடி ஏறி நிற்பவருக்குக் கிடைக்கும் பலன் பெரும்பாலும் அதைவிட அதிகம்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். 446 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 67 சென்டிமீட்டர். மரம், பாறை, ஈரத்தரை என்று பல இடங்களில் பட்டுத் திரும்பி வரும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் புள்ளிகள் மலைப்பாதையில் ஏராளமாக இருக்கும். அத்தகைய ஒரு புள்ளியில் நின்றால் குரல் கரகரத்துத் துண்டுதுண்டாகக் கேட்கும். அங்கிருந்து அரை அடி, ஓரடி நகர்ந்தாலே சில நேரங்களில் குரல் பளிச்சென்று தெளிந்துவிடும். ஆகவே கேட்கவில்லை என்றதும் சத்தமாகக் கத்துவதில் பயனில்லை. கருவியை இடுப்பிலிருந்து எடுத்து, ஆன்டெனா செங்குத்தாக வானைப் பார்க்கும்படி முகத்தருகே பிடித்து, ஓரடி இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்க்க வேண்டும். இடுப்பில் செருகியிருக்கும்போது உடலே அலையை உறிஞ்சிக்கொள்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு

கடையில் வெளிப்படையாக விற்கும் பொருள் சட்டப்படி சரியாகத்தான் இருக்கும் என்று நீங்கள் நினைத்தது இயல்பு. வானொலி அலைகளைப் பொறுத்தவரை அந்த அனுமானம் சரியல்ல. எங்கே வாங்கினோம் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. எங்கே, எந்த அலைவரிசையில், எவ்வளவு திறனில் பொத்தானை அழுத்துகிறோம் என்பதையே பார்க்கிறது. கொழுந்தனார் கொண்டுவந்த கருவிகளில் உள்ள சிக்கல் இதுதான்.

அவை அமெரிக்காவின் எஃப்.ஆர்.எஸ். என்ற குடும்ப வானொலிச் சேவைக்காகச் செய்யப்பட்டவை. 1996-இல் தொடங்கப்பட்ட இந்தச் சேவையில், 2017-இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, 462, 467 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் 22 சேனல்கள் உள்ளன. 8 முதல் 14 வரையுள்ள சேனல்களில் அரை வாட்டும் மற்றவற்றில் 2 வாட்டும் உச்சவரம்பு. உரிமம் தேவையில்லை, ஆன்டெனாவைக் கழற்றி மாற்றக் கூடாது. அதே சேனல்களைப் பகிர்ந்துகொள்ளும் ஜி.எம்.ஆர்.எஸ். சேவையில் அதிகத் திறன் அனுமதிக்கப்படுகிறது. அதற்கு அங்கே உரிமம் வாங்க வேண்டும், தேர்வு கிடையாது, ஒரே உரிமம் குடும்பத்தினருக்கும் செல்லும். கனடாவில் இவ்விரு வகைக் கையடக்கக் கருவிகளையும் உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம். நீங்கள் இருப்பது கனடா என்றால் கொழுந்தனாரின் கருவிகளையே வைத்துக்கொள்ளலாம்.

ஐரோப்பிய நாடுகளிலும் பிரிட்டனிலும் நிலை வேறு. அங்கே பி.எம்.ஆர். 446 எனப்படும் சேவைதான் பொதுமக்களுக்கானது: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, 16 அனலாக் சேனல்கள், அரை வாட், கழற்ற முடியாத ஆன்டெனா. 462 மெகாஹெர்ட்ஸ் பகுதி அங்கே பிற சேவைகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மறுதலையாக, ஐரோப்பியக் கருவியை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று பேசினாலும் தவறுதான். 446 மெகாஹெர்ட்ஸ் அங்கே உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்களின், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்களின், பகுதிக்குள் விழுகிறது. ஆஸ்திரேலியாவில் 477 மெகாஹெர்ட்ஸ் அருகே 80 சேனல்களும் 5 வாட்டும் அனுமதி. அவற்றில் 5, 35 ஆகிய சேனல்கள் அவசரகாலத்துக்கென ஒதுக்கப்பட்டவை, சாதாரணப் பேச்சுக்குத் தொடக் கூடாது.

இந்தியாவில் 2018-ஆம் ஆண்டின் விதிகளின்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் எல்லைக்குள் மட்டும் இயங்கும் குறைந்த திறன் வாக்கி-டாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அந்தக் கருவி வகைக்கு ஈ.டி.ஏ. எனப்படும் ஒப்புதல் இருக்க வேண்டும். ஒப்புதலும் அலைவரிசை விவரமும் இல்லாமல் இணையத்தில் இவை விற்கப்பட்டதைத் தொடர்ந்து, 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. கடைப்பலகையில் இருப்பதாலேயே ஒரு பொருள் சட்டப்படியானது ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நீங்கள் இருப்பது வேறு நாடு என்றால், அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தில், உரிமம் தேவைப்படாத குறுந்தூரக் கருவிகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு எடுத்துச் செல்வதாக இருந்தால், போகும் நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் 5 வாட் கருவிகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் பல, விரும்பிய அலைவரிசையை விசைப்பலகையில் தட்டி உள்ளிட்டு அங்கேயே பேசும்படி திறந்துவிடப்பட்டவை. உங்கள் 9 வயது மகள் விளையாட்டாகச் சில எண்களைத் தட்டினால், அது காவல் துறையோ, ரயில்வேயோ, தீயணைப்புத் துறையோ பயன்படுத்தும் அலைவரிசையாக இருந்துவிடக் கூடும். ஒருவர் உயிருக்குப் போராடும் நேரத்தில் அந்த அலைவரிசையில் உங்கள் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால், அவருக்கான உதவிக்குரல் மூழ்கிப்போகும். அபராதத்தைவிட இதை நினைத்தே இத்தகைய கருவிகளைக் குடும்பங்கள் வாங்க வேண்டாம் என்று நான் வலியுறுத்துகிறேன். அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்தால் பயன்படுத்தலாமே என்று உங்கள் உறவினர் சொல்லக்கூடும். அந்த உரிமம் தேர்வெழுதித் தேறிய நபருக்கு உரியது. பேசும் ஒவ்வொருவரும் தனித்தனியே அதைப் பெற்றிருக்க வேண்டும்.

பிரைவசி கோடு ரகசியம் காப்பதில்லை

பெயரைக் கேட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் நடப்பது இதுதான்: நீங்கள் ஒரு கோடு தேர்ந்தெடுத்தால், உங்கள் குரலோடு காதுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய ஒலியோ எண்குறியோ சேர்ந்து செல்கிறது. உங்கள் குழுவின் கருவிகள் அந்தக் குறி இருந்தால் மட்டும் ஒலிபெருக்கியைத் திறக்கும். இல்லாவிட்டால் அமைதியாக இருக்கும். அதாவது, மற்றவர் பேச்சு உங்களைத் தொந்தரவு செய்யாது. உங்கள் பேச்சு மற்றவர் காதில் விழுவதை அது தடுப்பதே இல்லை. கூட்டமான மண்டபத்தில் நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு பேசுவது போன்றது அது. கோடு எதுவும் போடாமல் அதே சேனலில் இருப்பவருக்கு நீங்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். 22 சேனல், 121 கோடு, ஆகமொத்தம் 2,662 இணைப்புகள் என்று பெட்டியில் பெருக்கிக் காட்டினாலும் அலைவெளியில் இருப்பவை 22 சேனல்கள்தாம்.

ஆகவே பிள்ளைகள் முழுப்பெயர், தங்கும் இடம், வீடு பூட்டியிருக்கும் செய்தி ஆகியவற்றை வாக்கி-டாக்கியில் சொல்லக் கூடாது என்று பழக்குங்கள். வீட்டுச் செல்லப்பெயர்கள் போதும். தெரியாத குரல் பேசினால் பதில் சொல்லாமல் உங்களிடம் தெரிவிக்கட்டும். அதே சமயம் கோடு பயனற்றது என்று எண்ணி விட்டுவிடவும் வேண்டாம்; சுற்றுலாப் பருவத்தில் அருகிலுள்ள குழுக்களின் பேச்சு ஓயாமல் கேட்டால் மாமனார் எரிச்சலில் கருவியை அணைத்துவிடுவார். ஒரு சின்ன நுணுக்கம்: வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளில் ‘கோடு 5’ என்பது ஒரே ஒலியைக் குறிக்காமல் இருக்கலாம். கையேட்டில் உள்ள ஹெர்ட்ஸ் அளவை ஒப்பிட்டுப் பொருத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரியாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

வாங்கும்போது

ஆளுக்கு ஒன்று வேண்டாம். முன்னே போகும் குழுவுக்கு ஒன்று, நடுவில் உங்களிடம் ஒன்று, பின்னே மாமனாரோடு வருபவரிடம் ஒன்று, பையில் மாற்றாக ஒன்று என நான்கு போதும். முதலில் அலைவரிசையையும் ஒப்புதல் முத்திரையையும் பாருங்கள். அவை சரியில்லை என்றால் மற்ற வசதிகளைப் பார்க்கவே தேவையில்லை. அடுத்து, விசைகளைப் பூட்டும் வசதி இருக்க வேண்டும். பிள்ளைகளின் பையில் சேனல் தானாக மாறிப்போவதுதான் குடும்பங்களில் தொடர்பு அறுந்துபோவதற்கு நான் காணும் மிகச் சாதாரணமான காரணம். மழைக்கு ஐ.பி. 54 என்ற தரம் போதும். ஓடை கடக்கும் பாதையென்றால் ஐ.பி. 67 நல்லது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் அது தாங்கும்.

பேட்டரியில் தாராளமாக நேரம் செலவிட்டு யோசியுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் மணிக்கணக்கு பெரும்பாலும் நேரத்தில் 5 விழுக்காடு பேசி, 5 விழுக்காடு கேட்டு, 90 விழுக்காடு சும்மா இருப்பதாக வைத்துக் கணக்கிடப்படுவது. புதிதாகக் கையில் கிடைத்த பிள்ளைகள் அந்த விகிதத்தில் பேச மாட்டார்கள். சார்ஜ் செய்யும் பேட்டரியோடு, அவசரத்துக்குச் சாதாரண ஏஏ பேட்டரியும் போடக்கூடிய மாதிரி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். குளிரில் பேட்டரியின் திறன் குறையும் என்பதால் மாற்று பேட்டரிகளை உடலோடு ஒட்டிய சட்டைப்பையில் வையுங்கள். விமானத்தில் செல்லும்போது, கழற்றிய லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

பொத்தானை அழுத்தாமல், குரல் எழுந்ததும் தானே இயங்கும் வாக்ஸ் வசதிக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். மலைக்காற்று மோதினாலே அது இயங்கத் தொடங்கிவிடும். முதல் சொல்லையும் விழுங்கிவிடும். டிஜிட்டல் மாதிரிகளில் இரைச்சல் குறைவு, ஆனால் சிக்னல் தேயும்போது முன்னறிவிப்பின்றிக் குரல் நின்றுவிடும். அனலாகில் குரல் மெல்ல மெல்லக் கரகரப்பாகும். ‘தூரம் அதிகமாகிறது, நில்லுங்கள்’ என்று எச்சரிக்க அந்த இடைவெளி உங்களுக்குப் பயன்படும். பிள்ளைகள் இருக்கும் குழுவுக்கு அனலாகே ஏற்றது என்பது என் தீர்மானமான கருத்து.

மாமனாருக்காக ஒரு சொல்

இந்தக் கருவிகள் குரலின் ஏறத்தாழ 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டுமே அனுப்புகின்றன. முதுமையில் முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். ‘ச’, ‘ஸ’ போன்றவை ஏற்கெனவே சரியாகக் கேட்காத செவிக்கு இந்தக் குறுகிய குரல் இன்னும் கடினமாக இருக்கும். காதுக்குப் பின்னால் அணியும் கருவியில் மைக் காதின் மேல்விளிம்பை ஒட்டி இருக்கும். ஆகவே கைபேசியைப் போலக் காதுத் துளையில் வைக்காமல், ஒலிபெருக்கியைக் காதின் மேல்புறத்துக்கு அருகே பிடிக்கச் சொல்லுங்கள். சட்டைக் கழுத்தில் மாட்டும் தனி ஒலிபெருக்கி-மைக் கிடைத்தால் அவருக்காக ஒன்று வாங்குங்கள். அழைப்பு வந்தால் அதிரும் வசதியும் அவருக்கு உதவும். அவரோடு பேசுபவர்கள் குறுஞ்சொற்களாக, நிறுத்தி, ஒவ்வொன்றையும் இருமுறை சொல்ல வேண்டும்.

பேசிப் பழகுவது

வாங்கிய வாரமே மலைக்குப் போகாதீர்கள். வீட்டருகே ஒரு மாலைப்பொழுது முழுவதும் பழகுங்கள். பொத்தானை அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, இயல்பான குரலில் பேச வேண்டும். பொறுக்காமல் பேசினால் முதல் அசை போய்விடும். ‘போகாதே’ என்பதில் எந்தப் பகுதி போனாலும் ஆபத்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. ஆகவே பேசி முடித்ததும் ‘முடிந்தது’ என்றோ ‘ஓவர்’ என்றோ சொல்லும் வழக்கத்தை எல்லாரும் பின்பற்றட்டும். சொன்னதை மற்றவர் திருப்பிச் சொன்னால்தான் செய்தி சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும்.

பிறகு ஒருவர் வீட்டில் நிற்க, மற்றவர் நடந்து சென்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்து, எந்தத் திருப்பத்தில் குரல் கரகரத்தது, எந்தக் கட்டடத்துக்கு அப்பால் நின்றுபோனது என்று குறித்துக்கொள்ளட்டும். மகனுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். விளம்பர எண்ணை நம்பாமல் இருக்க அவன் தானே கற்றுக்கொள்வான்.

காருக்குள்ளிருந்து பேசும்போது உலோகக் கூடு அலையைத் தடுக்கும் என்பதால் கண்ணாடியை ஒட்டிப் பிடியுங்கள். ஓட்டுபவர் கையில் அது இருக்கவே கூடாது.

ஆபத்து நேரத்தில்

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி ஒன்று உண்டு: ‘இது இருந்தால் இனிப் பயமில்லை அல்லவா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பொதுமக்களுக்கான இந்தச் சேனல்களை எங்கோ ஒரு மீட்புக் குழு எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பேட்டரி தீரலாம், கருவி பாறையிடுக்கில் விழலாம், முகடு மறைக்கலாம். ஆகவே கருவி இல்லாவிட்டாலும் நிற்கக்கூடிய ஏற்பாடு முதலில் வேண்டும். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் முன்னே செல்பவர்கள் நிற்க வேண்டும்; பின்னே வருபவர்கள் கண்ணில் படும்வரை நகரக் கூடாது. வாக்கி-டாக்கியில் ‘வாருங்கள்’ என்று சொல்லிவிட்டு முன்னேறுவது இந்த விதிக்கு விலக்கு ஆகாது. சென்ற முறை இந்த ஒரு விதி இருந்திருந்தால், எந்தக் கருவியும் இல்லாமலே பிள்ளைகள் உங்கள் கண்முன் இருந்திருப்பார்கள்.

தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள்: ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் இரு தரப்பும் கருவியைத் திறந்து ஐந்து நிமிடம் அழைப்பது, பதில் இல்லையென்றால் கடைசியாக எல்லாரும் சேர்ந்திருந்த இடத்துக்குத் திரும்புவது. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில் தொங்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது ஆல்ப்ஸ் மலைகளில் தொடங்கிப் பரவலாக அறியப்பட்ட ஆபத்துக் குறி. ஆளரவமே இல்லாத பகுதிக்குச் செல்வதாக இருந்தால், செயற்கைக்கோள் வழியே 406 மெகாஹெர்ட்ஸில் உதவி கேட்கும் தனிநபர் பீக்கனைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் செயற்கைக்கோள் கருவிகளுக்கு இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. முன் அனுமதியின்றி எடுத்துச் சென்று கைதானவர்களும் இருக்கிறார்கள்.

எஞ்சிய இரண்டு ஐயங்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். கதிர்வீச்சைப் பற்றி: அரை வாட் கருவி, பொத்தானை அழுத்தியிருக்கும் சில நொடிகள் மட்டுமே அலையை வெளிவிடுகிறது, கேட்கும்போது அனுப்புவதில்லை. பேசும்போது முகத்திலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தாலே போதும், பிள்ளைகளுக்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. செயலியைப் பற்றி: வாக்கி-டாக்கி போல இயங்கும் கைபேசிச் செயலிகளில் பெரும்பாலானவை இணையத்தின் வழியே பேசுபவை, சிக்னல் இல்லாத இடத்தில் அவை ஊமையாகிவிடும். புளூடூத் வழியே இயங்குபவை இருந்தாலும் உங்கள் தூரத்துக்கு அவை எட்டா. உங்கள் கணவர் செலவைக் குறைக்க நினைப்பதில் தவறில்லை. நான்கு கருவிகளை மூன்றாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கொழுந்தனாரிடம் இதைச் சொல்லத் தயங்குகிறீர்கள் என்பது புரிகிறது. அவர் அக்கறையோடுதான் வாங்கி வந்திருக்கிறார், அவை தரக்குறைவான கருவிகளும் அல்ல. அவை அமெரிக்க நாட்டு அலைவரிசைக்கானவை என்பது மட்டுமே குறை. இந்தப் பதிலின் சட்டப் பகுதியை அவரையே படிக்கச் சொல்லி, உங்கள் நாட்டுக்கான கருவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் அவரிடமே விடுங்கள். பழையவற்றை அடுத்த பயணத்தில் அங்கேயுள்ள உறவினர் எவருக்கேனும் கொடுத்துவிடலாம். அதுவரை பேட்டரிகளைக் கழற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உள்ளேயே விட்டால் ஏஏ பேட்டரி கசிந்து முனைகளை அரித்துவிடும்.